ஒரு கோப்பை பீரும் ஒரு வீட்டுக் கணக்கும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கக் கூட்டம் முடிந்து சுண்டலும் காபியும் வழங்கப்பட்ட வேளையில் நிகழ்ந்த ஓர் உரையாடலே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. நம் அங்கத்தினர் ஒருவரின் மகன் கப்பல் கம்பெனியில் பொறியாளராக இருப்பவர். நார்வே நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோவில் சில வாரங்கள் தங்கிவிட்டு விடுமுறைக்கு மும்பை வந்திருந்தார். அந்நாட்டுக் குளிரையும் கடலையும் வருணித்து வந்தவர், பேச்சோடு பேச்சாக, "அங்கே விடுதியில் அரை லிட்டர் பீர் 100 குரோனர், அண்ணா! நம்ம பணத்தில் 800 ரூபாய் இருக்கும்" என்றார்.

இளைஞர்கள் வியந்தனர். பெரியவர்கள் முகம் சுளித்தனர். ஆனால் ஓரமாக அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் நம்மைப் பார்த்து, "தம்பி, அப்படின்னா அந்த ஊரில் குடிகாரனே இருக்கமாட்டானே? இங்கேயும் அப்படி விலையை ஏத்திவிட்டா என்ன?" என்று கேட்டார்.

அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. கேள்வியோ நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. நாம் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. பொருளாதாரம் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பு முடிந்தது. ஆயினும் எடைக்கு இன்ன கட்டணம், தூரத்துக்கு இன்ன கட்டணம் என்று நாள்தோறும் கணக்கிடும் கை ஆதலின், ஒரு பொருளின் விலை எங்கிருந்து எழுகிறது என்று ஆராய்வது நமக்குப் பழகிய தொழிலே. பீரைப் பற்றி நம் அனுபவ ஞானம் மிகச் சிறிது. அலுவலக நண்பர் ஒருவரின் பிரிவுபசாரத்தில் ஒரு வாய் சுவைத்தோம்; நிலவேம்புக் கஷாயத்தை நினைவூட்டிற்று; அத்துடன் சரி. எனவே வாசகர்கள் இதனைக் குடிப்பவனின் புகழுரையாகவோ, குடியாதவனின் சாபமாகவோ கொள்ளாமல், ஒரு கணக்கனின் விசாரணையாகக் கொள்ள வேண்டுகிறோம்.

நீருக்கா இந்த விலை?

பீர் என்பது என்ன? முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, நுரைக்கச் செய்யும் ஈஸ்ட், இவற்றோடு நீர். நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. மூலப்பொருள்களில் பொன்னும் இல்லை, குங்குமப்பூவும் இல்லை. ஆதலின் அதன் அடக்க விலை சொற்பமே.

பார்சல் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு உடனே தோன்றும் மற்றொரு செய்தி, அதன் எடை. நீரும் கண்ணாடியும் சேர்ந்தது பீர்ப் பெட்டி. சுமப்பவன் முதுகு வளையும். உள்ளிருக்கும் சரக்கின் அசல் மதிப்போ குறைவு. இத்தகைய பொருளை நெடுந்தூரம் அனுப்பினால் கட்டணம் அசலைத் தின்றுவிடும். அதனாலேதான் உலகமெங்கும் பெரும்பாலும் அவ்வவ்வூரிலேயே பீர் காய்ச்சப்படுகிறது. அப்படியிருந்தும் செக் நாட்டுத் தலைநகரான பிராகில் 60, 70 கொருனாவுக்கு, அதாவது ஏறத்தாழ 250 ரூபாய்க்கு விடுதியில் கிடைக்கும் அதே அரை லிட்டர், ஆஸ்லோவில் 800 ரூபாய் ஆவானேன்? விடுதி வாடகை, பணியாளர் சம்பளம் ஆகியவை நார்வேயில் மிக அதிகம் என்பது ஒரு காரணம். எனினும் அது முழு விடை அன்று. மீதி விடை சர்க்காரின் கஜானாவில் இருக்கிறது.

அரசன் குறித்த விலை

பீரின் விலையில் அரசாங்கம் தலையிடுவது நேற்றைய வழக்கம் அன்று. 1516-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி ஜெர்மனியின் பவேரியா நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் இம்மூன்றும் அன்றி வேறொன்றும் பீரில் சேரலாகாது என்ற தூய்மைச் சட்டம் என்றே அதனை உலகம் இன்றும் புகழ்கிறது. ஆனால் அச்சட்டத்தின் தொடக்கமே விலைதான். குளிர்காலத்தில் ஒரு படி பீர் ஒரு பென்னிக்கு மேல் விற்கலாகாது. கோடையில் இரண்டு பென்னிக்கு மேல் விற்கலாகாது என்று அது வரையறுத்தது. தூய்மை பின்னர் வந்தது. விலையே முன்னர் வந்தது.

அந்த நாட்டிலேயே 1844-ஆம் ஆண்டு மே மாதம் மூனிக் நகரில், முதலாம் லுட்விக் மன்னர் காலத்தில், பீர் விலை உயர்ந்தது. மக்கள் பொறுக்கவில்லை. காய்ச்சும் சாலைகளைத் தாக்கினர். சில நாட்கள் நகரமே அல்லோலகல்லோலப்பட்டது. இறுதியில் விலையைக் குறைத்த பின்னரே கலகம் அடங்கிற்று. உழைப்பாளிக்கு அது உணவோடு சேர்ந்த பானமாக இருந்ததே காரணம்.

அந்த அச்சம் இன்றும் ஜெர்மானிய சர்க்காருக்கு உண்டு போலும். அங்கே பீர் மீதுள்ள தனி வரி லிட்டருக்கு 10 சென்ட்டுக்கும் குறைவு. அரை லிட்டருக்கு 5 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். பால்டிக் கடலுக்கு வடக்கே உள்ள பின்லாந்திலோ அதே அரை லிட்டருக்கு வரி ஏறத்தாழ 90 சென்ட். இரண்டு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவை. இரண்டிலும் புழங்குவது யூரோ நாணயம். காய்ச்சும் முறையும் ஒன்றே. வரியிலோ பதினைந்து மடங்குக்கு மேல் வேற்றுமை. நார்வேயில் லிட்டருக்கு 20 குரோனருக்கு மேல் தனி வரி. அதன் தலையில் நூற்றுக்கு 25 வீதம் விற்பனை வரி.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் கணக்கு இன்னும் தெளிவு. 2014 முதல் பீரில் உள்ள சாராயச் சத்து ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி தீர்வை. நூற்றுக்கு 5 பங்கு சத்துள்ள 330 மில்லி புட்டியில் இருப்பது பதினாறரை மில்லி சாராயம். பெருக்கிப் பார்த்தால் ஒரு புட்டிக்குத் தீர்வை மட்டும் 99 காசு. கடைக்காரன் லாபமும் பிற வரியும் இதற்கு மேலே. வளைகுடாவிலுள்ள கத்தார் நாட்டில் 2019 ஜனவரி முதல் மதுவுக்கு நூற்றுக்கு நூறு வரி. 2022-இல் அங்கு உலகக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, ரசிகர் திடலில் அரை லிட்டர் பீர் 50 ரியால், அதாவது சுமார் 1,100 ரூபாய். துபாயிலோ 30 சதவீத வரியை 2023 ஜனவரியில் நீக்கினர். 2025 ஜனவரியில் மீண்டும் விதித்தனர். புட்டியும் அதே, பீரும் அதே. சர்க்காரின் ஒரு கையெழுத்தில் விலை இறங்கிற்று, மற்றொரு கையெழுத்தில் ஏறிற்று.

வரியை ஏய்க்கும் வழிகள்

இனி, விலை ஏறிய இடத்தில் மனிதன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம். ஆச்சியின் கேள்விக்கு வேண்டிய செய்தி இங்கேதான் உள்ளது.

முதலாவது, அவன் எல்லை தாண்டுகிறான். நார்வேக்காரர்கள் ஸ்வினெசுண்ட் பாலத்தைக் கடந்து ஸ்வீடன் நாட்டிற்குச் சென்று மலிவாக வாங்குகிறார்கள். ஸ்வீடன்காரர்களுக்கு அது மலிவு அன்று. அவர்கள் டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். டென்மார்க்கினர் ஜெர்மன் எல்லைக் கடைகளுக்குப் போகிறார்கள். பின்லாந்தினர் கப்பலேறி இரண்டு மணி நேரத்தில் எஸ்தோனியாவின் தால்லின் நகரில் இறங்கிப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிறார்கள். 2017-இல் எஸ்தோனியா தன் பீர் வரியை வெகுவாக உயர்த்தியது. உடனே எஸ்தோனியர்கள் தெற்கே லாட்வியா எல்லைக்குப் புறப்பட்டுவிட்டனர்! எல்லையோரத்தில் புதுக் கடைகள் முளைத்தன. வேறு வழியின்றி 2019 ஜூலையில் எஸ்தோனியா வரியை நூற்றுக்கு 25 குறைத்தது. இணைப்பு ரயில்களைப் போல் ஒரு நாட்டின் தாகம் அடுத்த நாட்டில் போய் இறங்குகிறது.

நாம் நகைக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் விலை அதிகம்; கோவாவில் குறைவு. கொங்கண் பாதையில் வந்திறங்கும் உல்லாசப் பிரயாணிகளின் பெட்டிகள் போகும்போது இருந்ததைவிட வரும்போது ஏன் கனக்கின்றன என்பதை அறிய மெட்ரிகுலேஷன்கூடத் தேவையில்லை. மாநிலம் விட்டு மாநிலம் அனுமதியின்றி மது கொண்டுவருவது குற்றம் என்பதை இங்கே நினைவூட்டி வைக்கிறோம்.

இரண்டாவது, பொருளையே மாற்றிவிடுகிறான். ஜப்பானில் மால்ட் என்னும் முளைத்த வாற்கோதுமையின் பங்கைப் பார்த்து வரி விதித்தார்கள். 350 மில்லி பீர் டப்பாவுக்கு வரி 77 யென். கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1994-இல் மால்ட்டைக் குறைத்து 'ஹப்போஷு' என்ற ஒன்றைக் காய்ச்சின. அதன்மேல் வரி குறைவு. பின்னர் அதற்கும் வரி ஏறவே, மால்ட்டே இல்லாமல் பட்டாணிப் புரதத்தைக் கொண்டு மூன்றாம் வகை ஒன்றைச் செய்தன. அதற்கு வரி 28 யென். வரி அதிகாரி ஒரு கதவை அடைத்தால் வியாபாரி மறு கதவைத் திறந்தான். ஈற்றில் அரசாங்கம் சலித்து, எல்லாவற்றுக்கும் படிப்படியாக ஒரே வரி என்று சட்டம் செய்தது. அதன் கடைசிப் படிக்குக் குறித்த நாள் 2026 அக்டோபர்.

மூன்றாவது வழியே கொடியது. மென்மையானதை விட்டு வன்மையானதற்குப் போகிறான். ஐஸ்லாந்துத் தீவின் வரலாறு இதற்குச் சான்று. அங்கே 1908-இல் மக்கள் வாக்கெடுத்து, 1915 முதல் மதுவை முற்றிலும் விலக்கினர். தங்கள் மீனை வாங்கமாட்டோம் என்று ஸ்பெயின் நாடு முறுக்கிக்கொள்ளவே, 1922-இல் அந்நாட்டு ஒயினுக்கு வழி விட்டனர். 1935-இல் கடும் சாராய வகைகளுக்கும் தடை நீங்கிற்று. பீருக்கு மட்டும் நீங்கவில்லை! பீர் மலிவானது, இளைஞரையும் உழைப்பாளரையும் எளிதில் இழுக்கும் என்பது காரணம். விளைவு என்ன? விடுதிகளில் சத்தற்ற பீரில் கடும் சாராயத்தைக் கலந்து 'போலிப் பீர்' விற்றார்கள். 1989 மார்ச் 1-ஆம் தேதிதான் உண்மைப் பீர் அனுமதிக்கப்பட்டது. இன்றும் அந்நாளைப் பீர் நாள் என்று கொண்டாடுகிறார்கள். மென்மையானதைத் தடுத்து வன்மையானதை விட்ட விநோதம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

ஆச்சி சொன்னது பொய்யா?

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் விலையை ஏற்றிப் பயனில்லை" என்று தீர்ப்புக் கூறத் தோன்றும். அவசரப்படலாகாது. மறுபக்கக் கணக்கும் உண்டு. அது உயிர்க் கணக்கு.

2004-ஆம் ஆண்டு மே மாதம் எஸ்தோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர இருந்தது. தம் மக்கள் எல்லாரும் அங்கே போய் வாங்குவார்கள் என்று அஞ்சிய பின்லாந்து அரசு, இரண்டு மாதம் முன்னதாகவே தன் மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டது. அந்த ஒரே ஆண்டில் நாட்டின் குடி சுமார் பத்துச் சதவீதம் உயர்ந்தது. குடியால் நேர்ந்த மரணங்களும் ஏறின. ஈரல் நோயே அவற்றில் முன்நின்றது. மரணம் யாரைத் தேடி வந்தது? ஆராய்ந்தவர்கள் கண்டது: வசதி உள்ளவர்களை அதிகம் தொடவில்லை, வேலையற்றோரையும் குறைந்த வருவாய் உள்ளோரையுமே பெரிதும் தாக்கிற்று. 2008 முதல் பின்லாந்து வரியைத் திரும்ப ஏற்றத் தொடங்கியது.

ஸ்காட்லாந்து மற்றொரு வழியைக் கண்டது. 2018 மே 1 முதல், எந்த மதுவாயினும் அதிலுள்ள சாராயச் சத்தின் ஒவ்வோர் அலகுக்கும் 50 பென்ஸுக்குக் குறைவாக விற்கலாகாது என்று சட்டம் செய்தது. 2024 செப்டம்பர் இறுதியில் அதனை 65 பென்ஸாக உயர்த்தியது. இதன் பயனைக் கணித்த அந்நாட்டுச் சுகாதாரத் துறை, முற்றிலும் குடியாலேயே நேரும் மரணங்கள் நூற்றுக்கு 13 அளவில் குறைந்தன என்று 2023-இல் அறிவித்தது. இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், விலை புட்டிக்கு அன்று, சத்துக்கு என்பதே. வன்மை கூடினால் விலை கூடும். மென்மையானதை விட்டு வன்மையானதற்கு ஓடுவதில் லாபம் இல்லை.

ஆதலின் ஆச்சி சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. விலை ஏறினால் ஊர் முழுவதும் சேர்ந்து குடிப்பது குறையும், புதிதாகத் தொடங்குவோர் தயங்குவர், உயிர்கள் காக்கப்படும். மறுக்க இடமில்லை.

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டின் அரசியல் சட்டம் இவ்விஷயத்தில் இரு குரலில் பேசுகிறது. 47-ஆவது பிரிவு, மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்கிறது. ஏழாம் அட்டவணையோ, மதுவின் மேல் ஆயத்தீர்வை விதிக்கும் உரிமையை மாநிலங்களுக்கு வழங்குகிறது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நாடெங்கும் வந்தபோதும், குடிக்கும் மது அதற்குள் கொண்டுவரப்படவில்லை. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் விலை வேறு. விருப்பப்படி ஏற்றி இறக்கக்கூடிய வருவாய்கள் மாநில அரசுகளுக்கு இன்று மிகச் சில. அவற்றுள் இது தலையாயது. தமிழ்நாட்டில் 1983-இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. விற்பவரும் அரசே, வரி பெறுபவரும் அரசே, குடிக்காதே என்று சுவரில் எழுதுபவரும் அரசே.

நாம் வாழும் மகாராஷ்டிரத்தில் மதுவை ஆளும் சட்டம், 1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் என்று பிறந்தது. சட்டப்படி இன்றும் குடிப்பவர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும்! 2025 ஜூன் மாதம் இம்மாநில அரசு, ஆண்டுக்கு 14,000 கோடி ரூபாய் கூடுதல் வருவாயை நாடி, விஸ்கி, ரம் முதலியவற்றின் தீர்வையை உயர்த்தியது. பீரையும் ஒயினையும் தொடவில்லை. தெலுங்கானாவில் 2025 ஜனவரியில் நேர்ந்தது வேறு. மொத்தக் கொள்முதல் முழுவதும் அரசுக் கழகத்தின் கையில். ஆண்டுக்கணக்கில் தங்களுக்குத் தரும் அடிப்படை விலையை உயர்த்தவில்லை என்று பெரிய பீர்க் கம்பெனி ஒன்று சரக்கையே நிறுத்திவிட்டது. அடுத்த மாதம் அரசு அவ்விலையை 15 சதவீதம் உயர்த்தியது.

இனி ஒரு சிறு கணக்கு. 650 மில்லி சாதாரண பீரில் 5 சதவீத சாராயம் என்றால், புட்டியில் உள்ளது 32 மில்லிக்குச் சற்று மேல். 8 சதவீத 'ஸ்ட்ராங்' பீரில் 52 மில்லி. ஒரு குவார்ட்டர் எனப்படும் 180 மில்லி விஸ்கியிலோ ரம்மிலோ 77 மில்லி. மயக்கம் ஒன்றையே நாடுபவன், எந்தக் கல்லூரியிலும் படியாமலே இந்தக் கணக்கை மனப்பாடமாக அறிவான். பீர் புட்டியின் விலையும் மலிவான குவார்ட்டரின் விலையும் நெருங்கும் இடத்தில் அவன் கை எதன்மேல் விழும் என்று சொல்லவேண்டுமா? ஐஸ்லாந்து செய்த பிழை இதுவே. ஸ்காட்லாந்து தவிர்த்த பிழையும் இதுவே.

சம்பள நாள்

நிற்க. மேலே கண்டவையெல்லாம் நாடுகளின் கணக்கு. நாம் நேரில் கண்ட ஒரு வீட்டின் கணக்கைச் சொல்லாமல் இதனை முடித்தால் நேர்மை ஆகாது.

நம்மோடு பணிபுரிந்த நண்பர் ஒருவர். பெயரும் நிலையமும் வேண்டா. விழுப்புரம் பக்கத்தவர்; நல்ல உழைப்பாளி. எழுத்து முத்து முத்தாக இருக்கும். கணக்கில் ஒரு பைசா பிசகாது. சனிக்கிழமை மாலை ஒரு பீர் என்று தொடங்கிற்று. வாரம் மூன்றாயிற்று. பிறகு பீர் விலை ஏறிய ஆண்டில், "இது கட்டுபடியாகவில்லை ஐயா" என்றார். விட்டுவிட்டார் என்று நாம் மகிழ்ந்தோம். அவர் விட்டது பீரை மட்டுமே, குவார்ட்டருக்கு மாறியிருந்தார்.

முன்னாளில் சம்பள நாளன்று, பணம் வழங்கும் சாளரத்துக்குச் சற்றுத் தள்ளி மனைவிமார் சிலர் குழந்தையுடன் நிற்பதுண்டு என்று நம் அலுவலக மூத்தோர் கூறுவர். இன்று சம்பளம் வங்கிக்குப் போகிறது. பணம் கைப்பேசியில் இருக்கிறது. கடைச் சுவரில் ஒட்டிய சதுரத்தைக் காட்டினால் போதும், போய்விடுகிறது. நிற்பதற்குச் சாளரமும் இல்லை. ஆயினும் அந்த அம்மையார் ஒரு நாள் நம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அழவில்லை. மெல்லிய குரலில் சொன்னார்:

"விலை ஏத்தினப்ப நல்லதுன்னுதான் நினைச்சேன் அண்ணா. அவர் விட்டுடுவார்னு நினைச்சேன். அவர் விடலை. எங்க வீட்டுப் பால்தான் ஒரு லிட்டர்லேருந்து அரை லிட்டர் ஆச்சு."

வாசகர்களே, ஆச்சியின் கேள்விக்கு எஞ்சிய பாதி விடை இந்த வாக்கியத்தில் இருக்கிறது. விலை உயர்வு பலரைத் தடுக்கும். ஏற்கெனவே பிடிபட்டவனைத் தடுக்காது. அவனுக்கு விதித்த வரியை அவன் கட்டுவதில்லை. அவன் மனைவி பாலிலும், மகள் பள்ளிக் கட்டணத்திலும், ஊரில் இருக்கும் தாய் மாதாந்தர மணியார்டரிலும் கட்டுகிறார்கள். சர்க்கார் புள்ளிவிவரத்தில் அது ஆயத்தீர்வை என்ற பெயரில் ஏறுகிறது. வீட்டுக் கணக்கில் அரை லிட்டர் பால் என்று குறைகிறது.

அந்த நண்பரை நாங்கள் மூவர் சேர்ந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இது ஒழுக்கக்கேடு என்பதைவிட நோய் என்று கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். நாளும் மிகுதியாகக் குடிப்பவர் வைத்திய உதவியின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம் என்றும் எச்சரித்தார். இதனை நாம் அதற்குமுன் அறிந்திலோம். இரண்டு முறை நழுவினார். மூன்றாம் முறை நின்றார். இன்று அவர் வீட்டில் பால் மறுபடியும் ஒரு லிட்டர். நாளைக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். உறுதி கூற அவராலும் இயலாது. அன்றன்றைய நாளை அன்றன்று கடப்பதே தம் வழி என்கிறார்.

நாம் செய்யக்கூடியவை

நார்வேயின் வரியையோ மகாராஷ்டிரத்தின் தீர்வையையோ மாற்றும் வல்லமை நம் சங்கத்துக்கு இல்லை. நம் கைக்கெட்டிய காரியங்கள் மூன்று உள்ளன.

ஒன்று, வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் இச்செலவை 'இதர செலவு' என்று மறைக்காமல் அதன் பெயராலேயே எழுதுவது. புட்டி 200 ரூபாய், வாரம் மூன்று என்று கொள்வோம். ஆண்டுக்கு 156 புட்டி, 31,200 ரூபாய். ஒரு குடும்பம் ஊருக்குப் போய்வரும் செலவும், ஒரு பிள்ளையின் புத்தகச் செலவும் அதில் அடங்கும். வாரக் கணக்கில் சிறிதாகத் தெரிவது ஆண்டுக் கணக்கில் தன் உருவத்தைக் காட்டும்.

இரண்டு, உதவி இருக்கும் இடத்தை அறிந்து வைத்திருப்பது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பின் கூட்டங்களுக்கும் கட்டணம் இல்லை, பெயரும் வெளியிடமாட்டார்கள். பிற ஊர்களில் வாழும் நமக்கு மாமன், சித்தப்பன் என்று கண்டிப்பார் அருகில் இல்லை. அந்த இடத்தைச் சங்கத்து நண்பர்களே நிரப்ப வேண்டும்.

மூன்று, அந்த வீட்டாரை ஒதுக்காமல் இருப்பது. நவராத்திரிக் கொலுவுக்கும் பொங்கல் விழாவுக்கும் அவர்களை மறவாமல் அழையுங்கள். குடிப்பவன் ஒருவன், வெட்கப்படுவோர் நால்வர். அவ்வெட்கமே அவர்களை உதவி தேட விடாமல் கதவை அடைக்கிறது.

சென்ற ஞாயிறன்று ஆச்சியைக் கண்டு இவ்விவரங்களைச் சுருக்கமாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். ஐஸ்லாந்துக் கதைக்குச் சிரித்தார். கடைசியில் வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டே, "அப்போ விலையை ஏத்தட்டும் தம்பி. ஆனா ஏத்தின காசில் ஒரு பங்கையாவது ஆஸ்பத்திரிக்குக் குடுக்கச் சொல்லு, அந்தப் பிள்ளைக பாலுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லு" என்றார்.

உலக நாடுகளின் தீர்வை விகிதங்களையெல்லாம் தேடிப் படித்த நமக்கு, இதனினும் நேரான ஒரு தீர்ப்பு எங்கும் கிடைக்கவில்லை.